லினக்ஸில் எந்த டைரக்டரிக்குத் தனி பார்ட்டிஷன் வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள புது லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போடப் போகிறீர்கள். அலுவலகத்திலும் ஒரு டெபியன் சர்வர் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதில் டாக்கரும் (அப்ளிகேஷன்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) போஸ்ட்கிரெஸும் (டேட்டாபேஸ்) ஓட வேண்டும். அங்குள்ள சீனியர் "/யூஎஸ்ஆர், /வார், /டெம்ப், /ஹோம் நாலையும் தனித்தனியாப் போடு, அதுதான் முறை" என்கிறார். வீடியோக்களில் பார்த்தால் எல்லோரும் ஒரே ரூட் பார்ட்டிஷன் (எல்லா டைரக்டரிக்கும் மேலான '/' இருக்கும் டிஸ்க் பகுதி) போட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறார்கள். யார் சொல்வது சரி, ஸ்வாப்பை (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

லேப்டாப்புக்கு வீடியோக்காரர்கள் சொல்வது கிட்டத்தட்ட சரி. சர்வருக்கு உங்கள் சீனியர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி ஒரு காலத்தில் சரியாக இருந்தது, இப்போது காரணம் போய்ப் பழக்கம் மட்டும் நிற்கிறது. எந்தப் பாதி எது என்று பிரித்துச் சொல்கிறேன். டைரக்டரியின் பெயரைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த இடத்தை நம் கட்டுப்பாட்டை மீறி நிரப்பக்கூடியது எது? ஓஎஸ்ஸைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகப் போட்டால் எது மிஞ்ச வேண்டும்? இந்த இரண்டில் ஒன்றுக்காவது தெளிவான பதில் இருந்தால் அந்த இடத்துக்குத் தனி ஃபைல் சிஸ்டம் (தனியாக ஃபார்மட் செய்த பார்ட்டிஷன்) கொடுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

முதலில் /யூஎஸ்ஆர், அதாவது நிரல்களும் லைப்ரரிகளும் இருக்கும் இடம். சீனியர்கள் இதைத் தனியாகப் போடச் சொல்வதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டெனிஸ் ரிட்ச்சியும் யூனிக்ஸை பிடிபி-11 இயந்திரத்தில் ஓட்டியபோது, ஓஎஸ் இருந்த டிஸ்க் மிகச் சிறியது. பயனர்களின் ஃபைல்களுக்கு இரண்டாவது டிஸ்க் இருந்தது; அது /யூஎஸ்ஆர் என்ற இடத்தில் மவுண்ட் ஆனது (அந்த டைரக்டரியாக இணைந்து தெரிந்தது). ஓஎஸ் பெருத்து முதல் டிஸ்க்கில் அடங்காமல் போனபோது, வழிந்த நிரல்களை அந்த இரண்டாவது டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்தார்கள். /பின் என்றும் /யூஎஸ்ஆர்/பின் என்றும் இரண்டு இருப்பதன் வேர் அதுதான். பயனர்களின் வீடு பின்னால் வேறு இடத்துக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அடுத்து 1980களில் டிஸ்க் இல்லாத பணிநிலையங்கள் வந்தன. ஒரே சர்வரில் இருக்கும் /யூஎஸ்ஆரை நெட்வொர்க் வழியாக, படிக்க மட்டும் என்ற நிலையில் பல இயந்திரங்கள் பகிர்ந்துகொண்டன. அதற்குள் லாக், மெயில், பிரிண்ட் வரிசை என்று எழுதப்படும் விஷயங்கள் இருந்தால் பகிர முடியாது என்பதால் அவற்றைப் பிரித்தெடுத்து /வார் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். ஆக, /வார் பிறந்ததே 'மாறுவது ஒரு பக்கம், மாறாதது ஒரு பக்கம்' என்ற பிரிப்பில்தான். இந்தப் பிரிப்பு இன்றைக்கும் உதவும். /யூஎஸ்ஆரை ரூட்டிலிருந்து பிரிப்பது மட்டும் உதவாது.

காரணம், லினக்ஸ் இப்போது பூட் ஆகும்போதே /யூஎஸ்ஆர் கையில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. யூடெவ் (வன்பொருளை அடையாளம் காண்பது) விதிகள் கூப்பிடும் நிரல்கள், சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டி, அவற்றுக்குத் தேவையான லைப்ரரிகள் எல்லாம் அங்கேதான். 2012-இல் வந்த ஃபெடோரா 17 லினக்ஸிலேயே /பின், /எஸ்பின், /லிப் மூன்றையும் /யூஎஸ்ஆருக்குள் தள்ளி, பழைய இடத்தில் வெறும் சிம்லிங்க் (புது இடத்தைக் காட்டும் குறுக்குவழி) வைத்துவிட்டார்கள். 2017-இல் டெபியன் 9 வெளியானபோது, பூட்டின் நடுவில் தாமதமாக /யூஎஸ்ஆரை மவுண்ட் செய்வதற்கு இனி ஆதரவில்லை, இனிட்ராம்எஃப்எஸ் (ஓஎஸ்ஸின் மையமான கர்னலோடு முதலில் ஏறும் சின்னத் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) கட்டத்திலேயே மவுண்ட் ஆக வேண்டும் என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதினார்கள். 2023-இல் டெபியன் 12-இல் /பின் முதலியவற்றை /யூஎஸ்ஆருக்குள் தள்ளும் இணைப்பு கட்டாயமே ஆகிவிட்டது. 'ரூட் மட்டும் மவுண்ட் ஆனால்கூட ரிப்பேர் வேலைக்குத் தேவையான நிரல்கள் /பின்னில் இருக்கும்' என்ற பழைய நியாயம் இதோடு செத்துப்போயிற்று. இன்று ரிப்பேருக்கு யாராவது லைவ் யூஎஸ்பியை விட்டு வேறு எதையாவது தேடுகிறார்களா என்ன?

இன்னொரு விசேஷம். /யூஎஸ்ஆரும் கான்ஃபிக் ஃபைல்கள் உள்ள /இடிசியும் உங்கள் பேக்கேஜ் மேனேஜரின் தரவுத்தளமும் ஒன்றோடொன்று கோத்துப் பின்னியவை. ஒன்றை மட்டும் பழைய பேக்கப்பிலிருந்து மீட்டால் மற்றதற்கும் இதற்கும் ஒத்துப்போகாது. சேர்ந்தே மாறுகிற, சேர்ந்தே மீட்க வேண்டிய ஒன்றை இரண்டாக வெட்டி என்ன லாபம்? /இடிசியைப் பிரிக்க நினைத்தாலும் நேரடியாக முடியாது. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. /ப்ராக், /சிஸ், /டெவ், /ரன் ஆகியவை டிஸ்க்கிலேயே இல்லை, கர்னல் நினைவகத்தில் காட்டுபவை, அவற்றை விட்டுவிடலாம்.

இனி சீனியர் சரியாகச் சொன்ன பாதிக்கு வருவோம்: /வார்.

சர்வரில் டிஸ்க் நிரம்பினால் பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி /வாருக்குள் இருக்கும். லாக்குகள் /வார்/லாக்கில், டாக்கரின் இமேஜும் கன்டெய்னர் லாக்கும் /வார்/லிப்/டாக்கரில், போஸ்ட்கிரெஸ் தரவு /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில், ஆப்ட் (டெபியனின் பேக்கேஜ் மேனேஜர்) இறக்கிய பேக்கேஜ்கள் /வார்/கேஷில். இதில் டாக்கரைத் தனியாகக் கவனியுங்கள். அதன் வழக்கமான லாக் முறை கன்டெய்னர் திரைக்கு அனுப்பும் ஒவ்வொரு வரியையும் ஒரு ஜேசன் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அந்த ஃபைலுக்கு உச்ச அளவு நீங்கள் வைத்தால்தான் உண்டு. டிபக் நிலையில் மறந்து விட்ட ஒரு கன்டெய்னர் போதும். சிஸ்டம் லாக்கை எழுதும் ஜர்னல்டி அப்படியல்ல. அது தானாகவே ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம் வரைதான் எடுத்துக்கொள்ளும், அதுவும் 4 ஜிபியைத் தாண்டாது. ஆகவே "லாக் நிரம்பிச் சர்வர் படுத்துவிட்டது" என்றால் சிஸ்டம் லாக்கைவிட உங்கள் அப்ளிகேஷன் எழுதும் லாக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நிரம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் 'வால்' (WAL, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் லாக்) எழுதப்படும் ஃபைல் சிஸ்டம் நிரம்பினால் அது பேனிக் ஆகி நின்றுவிடும். கமிட் ஆன தரவு போகாது, ஆனால் இடம் கொடுக்கும் வரை எழுந்திருக்காது. அந்த வாலும் டாக்கரின் ஜேசன் லாக்கும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால், யாரோ ஒரு டெவலப்பரின் டிபக் வரிகள் உங்கள் டேட்டாபேஸை நிறுத்துகின்றன என்று அர்த்தம். ஆகவே உங்கள் சர்வரில் நான் '/வார் தனி' என்று மொத்தமாகப் பிரிக்க மாட்டேன். /வார்/லிப்/டாக்கர் ஒன்று, /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஒன்று என்று இரண்டாகப் பிரிப்பேன். /வாரின் மீதி ரூட்டோடேயே கிடக்கட்டும். /வாரை மட்டும் மொத்தமாகப் பிரித்தால் ரூட் பிழைக்கும். டாக்கரும் போஸ்ட்கிரெஸும் ஒரே அறையில் அடைபட்டு ஒன்றையொன்று நெரிக்கும். ரூட் பிழைத்திருந்து டேட்டாபேஸ் நின்றால் யாருக்கு என்ன பயன்?

லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டங்களில் ஒன்றான ஈஎக்ஸ்டி4-இல் ஒரு சின்னப் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஃபார்மட் செய்யும்போதே 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (பார்ட்டிஷன் அல்ல, எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி) ஒதுக்கிவிடும். சாதாரணப் பயனர் நிரப்பினால் 95-இல் சுவர் வரும். ரூட் உள்ளே நுழைந்து சுத்தம் செய்ய இடம் இருக்கும். ரூட் உரிமையோடு ஓடும் சர்வீஸ் நிரப்பினால் இந்தச் சுவர் இல்லை என்பதை மறக்க வேண்டாம். வெறும் தரவு மட்டும் உள்ள 1 டிபி பார்ட்டிஷனில் இதே 5 சதவீதம் சும்மா கிடக்கும் 50 ஜிபி. அங்கே டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம். ரூட் ஃபைல் சிஸ்டத்தில் குறைக்காதீர்கள்.

பார்ட்டிஷன் என்பது வயலில் போடும் வரப்பு. இந்தப் பாத்தியின் வெள்ளம் அடுத்த பாத்திக்குப் போகாது. ஆனால் இது காயும்போது அடுத்த பாத்தியில் தேங்கி நிற்கும் தண்ணீரும் வராது. இரண்டாவது பாதியை மறந்ததால் வந்த தொல்லைக்கு சென்ட்ஓஎஸ் 7 என்ற சர்வர் லினக்ஸ் நல்ல உதாரணம். 2014-இல் வந்த அந்தப் பதிப்பில் தானியங்கிப் பார்ட்டிஷனைத் தேர்ந்தால், டிஸ்க் பெரிதாக இருக்கும்போது ரூட்டுக்கு 50 ஜிபி மட்டும் கொடுத்துவிட்டு மீதி அத்தனையையும் பயனர் ஃபைல்களுக்கான /ஹோமுக்கு எழுதிவைத்துவிடும். 1 டிபி டிஸ்க் போட்ட சர்வரில் /ஹோமில் ஒருவரும் குடியிருக்க மாட்டார்கள். 900 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடக்கும். மைஎஸ்க்யூஎல், டாக்கர் எல்லாம் 50 ஜிபிக்குள் திணறும். "எல்விஎம் (அளவை மாற்றக்கூடிய வால்யூம்களாக டிஸ்க்கைப் பிரிக்கும் வசதி) இருக்கிறதே, /ஹோமைச் சுருக்கி ரூட்டைப் பெருக்கலாமே" என்று கிளம்பினால் அங்கேதான் சிக்கல். அந்தப் பதிப்பின் வழக்கமான ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ். அதைப் பெருக்கலாம், நடைமுறையில் சுருக்க முடியாது. /ஹோமில் இருப்பதை வேறெங்காவது நகலெடுத்து, அந்த வால்யூமை அழித்து, சிறிதாக மறுபடி உருவாக்கி, மிச்சத்தை ரூட்டுக்குச் சேர்த்து, நகலெடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும். இணையத்தில் இதற்கான வழிமுறைகள் அத்தனை இருப்பதே எத்தனை பேர் இதில் மாட்டினார்கள் என்பதற்குச் சாட்சி.

அதனால் சர்வருக்கு என் ஏற்பாடு இப்படி இருக்கும்: எல்விஎம் கட்டாயம். ஒவ்வொரு வால்யூமையும் இன்றைக்குத் தேவைப்படுவதைவிடக் கொஞ்சம் பெரிதாக மட்டும் வெட்டுங்கள். டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்கையாவது யாருக்கும் ஒதுக்காமல் வால்யூம் குரூப்பில் (எல்விஎம்மின் பொது இடத்தொகுப்பில்) வெறுமனே வைத்திருங்கள். மூன்று மாதம் கழித்து எது வளர்கிறது என்று தெரிந்தபின் எல்வி-எக்ஸ்டெண்ட் கட்டளையோடு மைனஸ் ஆர் சேர்த்துக் கொடுத்தால் வால்யூமும் அதன் மேலுள்ள ஃபைல் சிஸ்டமும் ஒரே மூச்சில், சர்வீஸை நிறுத்தாமலே வளரும். பெருக்குவது ஒரு வரி, சுருக்குவது ஒரு ராத்திரி. இதை வைத்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். எல்லா இடத்தையும் முதல் நாளே பங்குபோட்டுவிட்டால் எல்விஎம் போட்டும் போடாததும் ஒன்றுதான்.

சர்வர் கிளவுடில் என்றால் இன்னும் சுலபம். ஒரு டிஸ்க்கைப் பல பார்ட்டிஷனாகப் பிரிக்காதீர்கள், தரவுக்கென்று தனி டிஸ்க்கே வாங்கிச் சேருங்கள். கிளவுட் இமேஜ்களில் ரூட் பார்ட்டிஷன் டிஸ்க்கின் கடைசியில் இருக்கும்படி வைத்திருப்பார்கள். டிஸ்க்கைப் பெரிதாக்கிவிட்டு மறுபடி பூட் செய்தால் க்ளவுட்-இனிட் என்ற நிரல் தானே ரூட்டை நீட்டிவிடும். அதற்குப் பின்னால் நீங்கள் இன்னொரு பார்ட்டிஷனைச் செருகினால் நீள வழியில்லை.

தற்காலிக ஃபைல்களுக்கான /டெம்ப் பற்றி. இதைத் தனியாகப் போடச் சொன்னதற்கு இரண்டு காரணம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்பது ஒன்று. பாதுகாப்பு இன்னொன்று. ஹார்டு லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள்தான் போட முடியும். ஓட்டையுள்ள ஒரு செட்யூஐடி நிரலுக்கு (யார் ஓட்டினாலும் அதன் உரிமையாளரின், பெரும்பாலும் ரூட் பயனரின், உரிமையோடு ஓடுவது) /டெம்ப்பில் ஒருவன் ஹார்டு லிங்க் போட்டு வைத்துக்கொண்டால், நீங்கள் அந்த நிரலை அப்டேட் செய்தபிறகும் பழைய ஓட்டை நிரல் அவன் கையில் உயிரோடு இருக்கும். /டெம்ப் வேறு ஃபைல் சிஸ்டம் என்றால் இந்த வித்தை நடக்காது. 2012-இல் வந்த 3.6 கர்னலில் இதற்கான தடுப்பையே சேர்த்துவிட்டார்கள், டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வகைகள்) பெரும்பாலும் அதை இயக்கியே வைத்திருக்கின்றன. இப்போது /டெம்ப்புக்கு டிஸ்க்கே தேவையில்லை. டெம்ப்எஃப்எஸ்ஸாக நினைவகத்தில் வைக்கலாம். ஃபெடோரா 18 இதை 2013-இலேயே செய்தது. டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் அதே வழிக்கு வந்துவிட்டது; நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். பெரிய தற்காலிக ஃபைல்கள் எழுதும் நிரல் ஏதாவது இருந்தால் அதை /வார்/டெம்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். மற்றபடி நீங்கள் டெபியன் 13 போட்டால் சீனியரின் பட்டியலில் இது தானாகவே நிறைவேறிவிடும்.

பாதுகாப்பு என்றதும் நோஎக்ஸெக், நோசூயிட், நோடெவ் என்ற மூன்று மவுண்ட் தேர்வுகளும் (முறையே நிரல் ஓட்டுவதை, செட்யூஐடி உரிமையை, சாதன ஃபைல்களைத் தடுப்பவை) ஞாபகத்துக்கு வரும். பின்னிரண்டை /ஹோமிலும் தரவுப் பார்ட்டிஷன்களிலும் போடலாம், பொதுவாக ஒன்றும் உடையாது. நோஎக்ஸெக் அப்படியல்ல. /டெம்ப்பில் நோஎக்ஸெக் போட்டால் டெபியனில் பேக்கேஜ் நிறுவும்போது முன்கேள்வி கேட்கும் ஸ்கிரிப்டுகள் அங்கிருந்து ஓட முடியாமல் 'பர்மிஷன் டினைடு' என்று முறைக்கும். ஆப்ட்டின் தற்காலிக டைரக்டரியை வேறிடத்துக்கு மாற்றிச் சரிசெய்ய வேண்டும். அத்தனை பாடுபட்டும், ஒரு ஸ்கிரிப்டை ஷெல்லுக்கோ பைத்தானுக்கோ வாதமாகக் கொடுத்து ஓட்டினால் நோஎக்ஸெக் தடுக்காது. உங்கள் அலுவலகம் சிஐஎஸ் பெஞ்ச்மார்க் (பாதுகாப்பு அமைப்புகளின் பட்டியல்) தணிக்கைக்கு உட்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் விவாதமே வேண்டாம்: /டெம்ப், /வார், /வார்/டெம்ப், /வார்/லாக், /வார்/லாக்/ஆடிட், /ஹோம் எல்லாம் தனித்தனி என்று அந்தப் பட்டியல் கேட்கிறது. தணிக்கைக்காரரிடம் தத்துவம் பேசி ஜெயித்தவர் இல்லை. இதில் /வார்/லாக்/ஆடிட்டுக்கு மட்டும் உண்மையான நியாயம் இருக்கிறது. ஆடிட் லாக் எழுத முடியாவிட்டால் இயந்திரத்தையே நிறுத்தும்படி சில இடங்களில் அமைப்பார்கள். அங்கே அந்த இடத்தை வேறு யாரும் தின்னாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

தனி மவுண்ட் என்று போனால் அதற்கென்றே வரும் ஒரு கோளாறு உண்டு. பிரிக்கச் சொல்பவர்கள் இதைச் சொல்வதேயில்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். டேட்டா டிஸ்க் ஏதோ காரணத்தால் ஒரு பூட்டில் மவுண்ட் ஆகவில்லை என்று வையுங்கள். /வார்/லிப்/டாக்கர் என்ற வெற்று டைரக்டரி ரூட்டில் இருக்கிறதல்லவா, டாக்கர் எழுந்து, அது காலியாக இருப்பதைப் பார்த்து, புதிதாக அங்கேயே எழுதத் தொடங்கும். இமேஜ்களை மறுபடி இறக்கும். எல்லாம் ஓடுகிற மாதிரியே இருக்கும், பழைய வால்யூம்கள் மட்டும் காணாமல் போயிருக்கும். யாரோ கவனித்து டிஸ்க்கை மவுண்ட் செய்ததும் பழையது திரும்பி வந்துவிடும், எல்லோரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். ஆனால் நடுவில் ரூட்டில் எழுதிய 30 ஜிபி அந்த மவுண்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும். ஃபைல் சிஸ்டத்தின் மொத்தக் கணக்கைக் காட்டும் டிஎஃப் கட்டளை ரூட் 90 சதவீதம் நிரம்பிவிட்டது என்னும். டியூ கட்டளையால் ஃபைல்களின் அளவைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு 30 ஜிபி உதைக்கும். மேலே மவுண்ட் ஆகியிருப்பதால் அடியில் இருப்பது எந்தக் கட்டளைக்கும் தெரியாது. ரூட்டை /எம்என்டி மேல் பைண்ட் மவுண்ட் (அதே டைரக்டரியை இன்னொரு இடத்திலும் காட்டுவது) செய்து, அந்தப் பாதை வழியாக டியூ ஓட்டினால்தான் புதையல் வெளியே வரும்.

இதற்கு முன்னெச்சரிக்கை இரண்டு. மவுண்ட் செய்வதற்கு முன், அந்த வெற்று டைரக்டரிக்குச் சேட்டர் கட்டளையால் ப்ளஸ் ஐ கொடுத்து மாற்ற முடியாததாக்கிவிடுங்கள். மவுண்ட் ஆகாத நாளில் அங்கே ரூட்டால்கூட எழுத முடியாது, டாக்கர் கத்திக்கொண்டு நிற்கும். சத்தமில்லாமல் தப்பாக ஓடுவதைவிடக் கத்துவது நல்லது. இரண்டாவது, சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைலில் ரிக்வயர்ஸ்-மவுண்ட்ஸ்-ஃபார் என்ற வரியில் அந்தப் பாதையைக் கொடுத்தால், அது மவுண்ட் ஆகாமல் சர்வீஸ் எழாது. எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில் (மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட்டைத் தொடரும் தேர்வு) போடுவதா வேண்டாமா என்றும் யோசியுங்கள். போடாவிட்டால், டிஸ்க் கிடைக்காதபோது சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி நிலைக்குப் போய்விடும். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் எஸ்எஸ்எச்கூடக் கிடைக்காது. போட்டால் சர்வர் எழும், ஆனால் மேலே சொன்ன கதை நடக்க வாய்ப்புண்டு. நோஃபெயிலோடு அந்த இரண்டு முன்னெச்சரிக்கையையும் சேர்த்துப் போடுவதே என் வழக்கம். டிஸ்க்கைக் குறிப்பிட எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை எழுதாமல் யூயூஐடியை (மாறாத அடையாள எண்) கொடுங்கள். அந்தப் பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு இடம் மாறும்.

டிஎஃப்புக்கும் டியூவுக்கும் கணக்கு இடிக்க இன்னொரு காரணமும் உண்டு, இதைத்தான் அடிக்கடி பார்ப்பீர்கள்: நீங்கள் ஆர்எம் போட்டு அழித்த 20 ஜிபி லாக் ஃபைலை ஏதோ ஒரு சர்வீஸ் இன்னும் திறந்து வைத்திருக்கும். பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு ப்ளஸ் எல்1 கொடுத்தால் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். டிஎஃப் இடம் இருக்கிறது என்கிறது, ஆனால் எழுதப் போனால் இடமில்லை என்று பிழை வருகிறது என்றால் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கும். ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு என்ற கணக்கில் ஃபார்மட் நேரத்திலேயே எண்ணிக்கையைத் தீர்மானித்துவிடும், ஃபைல் சிஸ்டத்தைப் பெருக்காமல் பிறகு கூட்ட முடியாது. பிஎச்பி செஷன், மெயில் வரிசை மாதிரி லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல் எழுதும் இடத்தைச் சின்னப் பார்ட்டிஷனில் அடைத்தால் முதலில் தீர்வது இதுதான்.

கர்னல் இருக்கும் /பூட்டுக்குத் தனி பார்ட்டிஷன் பெரும்பாலும் வேண்டாம். டிஸ்க்கை லக்ஸ் என்ற முறை கொண்டு என்கிரிப்ட் செய்தால் வேண்டும், ஏனென்றால் கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் பூட் லோடரான கிரப் படிக்கிற மாதிரி வெளியே வைப்பதுதான் தொல்லையில்லாத வழி. அப்படி வைத்தால் 1 ஜிபிக்குக் குறையாமல் கொடுங்கள். அரை ஜிபி கொடுத்துவிட்டு, மூன்றாவது கர்னல் அப்டேட்டில் இடம் போதாமல் அப்டேட் பாதியில் அறுந்து நிற்கும் காட்சியை உபுண்டு பயன்படுத்தும் பலர் பார்த்திருப்பார்கள். ஒரு கர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் 100 எம்பியைத் தாண்டுவது இப்போது சகஜம். யூஇஎஃப்ஐ (புதிய வகை பூட் ஃபர்ம்வேர்) உள்ள இயந்திரங்களில் ஈஎஸ்பி என்ற ஃபேட்32 பார்ட்டிஷன் கட்டாயம். அது /பூட்/இஎஃப்ஐயில் மவுண்ட் ஆகும். விண்டோஸோடு பகிர்ந்தால் அதன் ஈஎஸ்பியையே பயன்படுத்தலாம், ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

இப்போது லேப்டாப்.

அங்கே கேட்க வேண்டிய ஒரே விஷயம் /ஹோம். தனி /ஹோம் இருந்தால் ரூட்டை அழித்துப் புதிதாகப் போடும்போது உங்கள் ஃபைல்கள் தொடப்படாமல் இருக்கும். இது உண்மையான வசதி, மறுப்பதற்கில்லை. விலையும் உண்டு. 512 ஜிபியில் ரூட்டுக்கு எவ்வளவு என்று இன்றே முடிவு செய்ய வேண்டும். 30 ஜிபி போதும் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். ஃப்ளாட்பேக் (அப்ளிகேஷன் நிறுவும் ஒரு முறை) /வார்/லிப்புக்குள் இறங்குகிறது, டாக்கர் அங்கேயே, விர்ச்சுவல் மெஷின் இமேஜ்களும் லிப்வர்ட் என்ற கருவி வழியே வைத்தால் அங்கேயே. ஃப்ளாட்பேக்கில் நாலைந்து அப்ளிகேஷன் போட்டு, அவற்றின் ரன்டைம்களும் சேர்ந்தால் 30 ஜிபி எந்த மூலைக்கு? டெவலப்பர் லேப்டாப் என்றால் ரூட்டுக்கு 100 ஜிபியாவது கொடுங்கள், இல்லாவிட்டால் பிரிக்கவே வேண்டாம். அதே /ஹோமை வைத்துக்கொண்டு டிஸ்ட்ரோ மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபைல்களும் கூடவே வரும். புது க்னோம் டெஸ்க்டாப்பில் எழுதிய கான்ஃபிக்கைப் பழைய க்னோம் படித்துத் தடுமாறும்போது, புது இன்ஸ்டாலேஷனில் என்ன கோளாறு என்று ஒரு நாள் தேடுவீர்கள்.

பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இந்த இழுபறிக்கு நல்ல விடை. ஒரே பார்ட்டிஷன், அதற்குள் ரூட்டுக்கு ஒரு சப்வால்யூம், ஹோமுக்கு ஒரு சப்வால்யூம். இரண்டும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். ரூட் சப்வால்யூமை மட்டும் அழித்துப் புதிதாகப் போடலாம், ரூட்டை மட்டும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துப் பின்னுக்குப் போகலாம். 2020 அக்டோபரில் வந்த ஃபெடோரா 33 முதல் டெஸ்க்டாப்பில் இதுதான் வழக்கமான ஏற்பாடு. ஓப்பன்சூசே /வாரையும் தனி சப்வால்யூமாக வைக்கிறது. அப்டேட் சொதப்பி ரூட்டை நேற்றைய நிலைக்குத் திருப்பும்போது டேட்டாபேஸும் லாக்கும் சேர்ந்து நேற்றைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். மாறுவதையும் மாறாததையும் பிரித்த அந்த 1980களின் யோசனை இங்கே வேறு வடிவத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். நீங்கள் டெபியனில் நிறுவும்போது பிடிஆர்எஃப்எஸ்ஸில் சப்வால்யூம் அமைக்கக் கொஞ்சம் கையால் வேலை செய்ய வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை இல்லையென்றால் இன்ஸ்டாலரின் தேர்வுகளில் முதலாவதான 'எல்லாம் ஒரே பார்ட்டிஷனில்' என்பதை எடுங்கள்.

எதை எடுத்தாலும் தனி /ஹோமைப் பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்எஸ்டி செத்தால் அதிலுள்ள எல்லாப் பார்ட்டிஷனும் சேர்ந்தே சாகும். இன்ஸ்டாலரில் தவறான வரிக்கு நேரே ஃபார்மட் டிக் விழுந்தாலும் அதே கதி. எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு ஆர்சிங்க் கட்டளையால் ஒரு நகல் எடுக்காமல் இன்ஸ்டாலரைத் திறக்க வேண்டாம்.

ஸ்வாப்புக்குத் தனி பார்ட்டிஷன் அவசியமில்லை. ஈஎக்ஸ்டி4-இல் ஒரு ஃபைல் உருவாக்கி அதையே ஸ்வாப்பாக்கலாம், வேகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, வேண்டும்போது அளவை மாற்றலாம். லேப்டாப்பை ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைப்பது) செய்கிற பழக்கம் இருந்தால் மட்டும் ரேம் அளவுக்கு ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன் போட்டுவிடுங்கள். ஃபைலிலிருந்தும் ஹைபர்னேட் ஆகும், ஆனால் அந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே தொடங்குகிறது என்ற எண்ணைக் கண்டுபிடித்து கர்னலின் பூட் வரியில் எழுத வேண்டும். அந்த ஃபைலை அழித்து மறுபடி உருவாக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த எண் மாறிவிடும்.